இடது பக்கத்து வில்லை

கத்தரீனா கணவரின் புதிய மூக்குக்கண்ணாடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வலது வில்லை சில்லென்று குளிர்ந்தது. இடது வில்லை அப்படிக் குளிரவில்லை.

இரண்டுமே ஒளி ஊடுருவும் பளிங்குக் கல்லில் அறுத்தவை என்று சொல்லித்தான் கணவர் அம்புறோஸ் அதை அக்குறணையில் மஹ்ரூப் நானா என்ற முஸ்லிம் வியாபாரியின் கடையில் வாங்கி வந்து அவளிடம் காட்டியிருந்தார். கல் என்றால் குளிரும், லேசில் கீறாது. பால்காரனிலிருந்து பங்குச்சாமியார் வரை யாரையும் நம்பாத கத்தரீனா, அரத்தை எடுத்து இரண்டிலும் ஓர் இழுப்பு இழுத்தாள். வலதில் ஒன்றுமில்லை. இடதில் நட்டநடுவே வெள்ளைக் கோடு விழுந்தது.

அது வெறும் கண்ணாடிதான். ஆனால் கோட்டுக்கு அவளல்லவா பதில் சொல்ல வேண்டும்? சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வில்லை முழுவதும் பனி மூடிய ஜன்னல் போல் ஆகிவிட்டது.

மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு கண்டி டவுனில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலைக்குப் போய்வந்த அம்புறோஸ் அந்த மங்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது இன்னும் உறுத்தியது. கடைசியில் அவளே விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"விட்டுரு கத்தரீனா. அந்த நானா நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? அப்ப ஒங்களுக்கும் இதுல பங்கு இருக்கா?"

மறுநாள் காலை பஸ்ஸிலேயே அவள் அக்குறணைக்குப் புறப்பட்டாள். வேறு வழியின்றி அவரும் பின்னால் ஏறினார்.

மஹ்ரூப் நானா வாதாடவே இல்லை. அம்புறோஸை ஒரு தரம் பார்த்தார். பிறகு, காசு வேண்டாம், இடதுக்கும் கல்லே போட்டுத் தருகிறேன் என்றார். குற்றமில்லாதவன் இவ்வளவு சுலபத்தில் இறங்கி வருவானா? கத்தரீனாவின் குரல் உயர்ந்தது. வாசலில் கூட்டம் கூடியது. கள்ளன் என்றாள், பொலிசுக்குப் போவேன் என்றாள். அம்புறோஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தார். நானா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்குப் பின்னால்தான் நானாவின் வீடு. திரைக்கு அப்பாலிருந்து அவர் மனைவி ஹபீலா பொறுக்க முடியாமல் பேசினாள்:

"எங்கட மனிசன் ஏமாத்தல்ல, நோனா. கலியாணத்துக்கு முந்தியிலிருந்தே காணாத எடது கண்ணுக்குக் கல்லு என்னத்துக்கு, கண்ணாடியே போதும், வீட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க எண்டு இந்தா நிக்கிற ஒங்கட மாப்புளதான் சொன்னாரு."