ரேடியோவில் வந்த வஞ்சிரம்

தெரிந்த எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு வராது. (எழுதவும் வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சுக்கு இஸ்திரி போட்டு எழுதுகிறாளாம்.)

மெட்ராஸில் காலரா வந்த வருஷம் அது. அடையாறு பக்கம் எங்கள் மீனவர் குப்பம். எந்த ஆபீசரும் எட்டிப் பார்க்கும் முன்பே, திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சும் அண்டாவைப் பொம்பளைகள் நாங்கள் தெருவில் அடுப்பு மூட்டி ஏற்றினோம். முறை போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து வீடு வீடாக ஊற்றினோம். யாருக்காவது வயிற்றாலே போனால் அந்தத் தண்ணீரிலேயே உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தோம். (லாரித் தண்ணியை அப்படியே மொண்டு குடிச்ச என் வீட்டுக்காரருக்கு முதுகிலயும் ரெண்டு குடுத்தேன்.)

குப்பத்தில் நோய் அடங்கியது. மீன்தான் விற்கவில்லை. எங்கள் மீனைத் தின்றால் காலரா என்று ஊரெல்லாம் பேச்சு. கூடை போனபடியே திரும்பி வந்தது. வீட்டில் மூன்று வேளையும் மீன். பிள்ளைகள் ரசத்துக்கு அழுதன.

அப்போது ரேடியோவிலிருந்து ஒரு பெண் டேப் பெட்டியோடு வந்தாள், அண்டாத் தண்ணீரைப் பற்றி நிகழ்ச்சி போட. நான் கூவினால் ரெண்டு தெரு கேட்கும் என்பதால் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். உப்பு, சர்க்கரை எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். மீன் வாங்க ஜனங்கள் பயப்படுகிறார்களாமே என்று அவள் கேட்டாள் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். மீன்காரிக்குச் சாட்சி என்றால் வாடிக்கைதானே?

"இன்னாத்துக்கு பயம்? அபிராமபுரத்துல நாகலிங்க மரத்து வூடு கீதே, மாடில சரோஜாம்மா, அவங்க இன்னிக்கும் எங்கைல வஞ்சிரம் வாங்கிக்கினுதான் கீறாங்க. நல்லா குண்டா கீறாங்க. போய்ப் பாரு."

இதில் ஒரு சின்ன சங்கதி. அந்த வீட்டுக்கார மாமி, மாடியைச் சைவக்காரர்களுக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுவார். சரோஜாம்மா பின்கேட்டுக்கு வந்து, பைக்குள் கீரைக்கு அடியில் மறைத்துத்தான் மீன் வாங்குவார். மைக்கைக் கண்ட பூரிப்பில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

சாயங்காலம் டீக்கடை ரேடியோ முன்னால் குப்பமே கூடியது. என் குரல் வந்ததும் புல்லரித்தது. வஞ்சிரம் வந்ததும் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஓடினேன். சரோஜாம்மா மாடிப்படியில் அழுதுகொண்டு நின்றார். பிள்ளைகளின் பள்ளிக்கூட வருஷம் பாதியில் இருக்கும்போது வேறு வீட்டுக்கு எங்கே போவேன் என்றார். "ஏண்டி, ரேடியோல சொல்ல உனக்கு வேற குண்டம்மா கெடைக்கலையா?"

அதற்குள் மாமியே வாசலுக்கு வந்துவிட்டார்.

"நேத்திக்கு ரேடியோல பேசினது நீதானே?"

"நான் இல்ல மாமி." (இந்தத் தொண்டையை வெச்சிக்கினு!)

"இல்லையா? அடடா. மாமாவுக்கு விடிஞ்சதுலேந்து வயிறு போயிண்டே இருக்கு. அந்த உப்பு, சர்க்கரை அளவு எனக்குச் சரியா காதுல விழலை. அவளைத்தான் தேடிண்டிருக்கேன்."

"நான்தான் மாமி!"

கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு, சமையலறைக் கதவோரம் நின்று அளவு சொன்னேன். மாமி கரைத்துக் கரைத்துக் கொடுத்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதைக் கொடுத்ததால்தான் மனுஷன் தெம்பாக இருக்கிறார் என்றார். அவர் போனதும் மாமி மாடிப்படியைப் பார்த்தார்.

"அவளை அழ வேண்டாம்னு சொல்லு. எனக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்கே. குடிவந்த மாசமே தெரியும். கேட்டா காலி பண்ணச் சொல்லணும். அதான் கேக்கலை."

சரோஜாம்மா அந்த வீட்டிலேயே இருந்தார். என்னிடம் பேசத்தான் ரொம்ப நாளானது. மீன் வேண்டுமென்றால் விரலால் காட்டுவார்.

என் வீட்டில் இன்றைக்கும் யாருக்கு என்ன ரகசியம் என்றாலும், "ஆயாகிட்ட சொல்லாத, ரேடியோல வந்துடும்" என்பார்கள். பெரிய பேத்தி காதலித்த விஷயமே வடபழனியில் மண்டபம் பிடித்த பிறகுதான் எனக்கு வந்தது. பையன் யாருடி என்று கேட்டேன். தாலி கட்டும்போது வந்து பார்த்துக்கோ என்றாள்.