‘எங்கே’ என்று கேட்காத டாக்சி

உலகத்தில் எத்தனையோ டாக்சி டிரைவர்கள் இருக்கிறார்கள். வண்டியில் ஏறுகிறவரைப் பார்த்து ‘எங்கே போகணும்?’ என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் தொழில் நடத்தியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். தேனி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாக்சி ஸ்டாண்டில் அவருக்குத் தூரமாண்ணே என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அதை யாரும் விசாரித்ததில்லை.

வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். கேட்டே ஆகவேண்டும் என்றால் ‘தூரமா?’ என்போம். நாமெல்லாம் அதை வாசலோடு விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறோம். அவர் அதைத் தொழிலுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “தூரமா?” என்பார். பக்கம்தான் என்று சொன்னால், “தெக்கயா, வடக்கயா?” என்பார். தெற்கே என்றால், “நல்ல காரியமா, துட்டியா?” என்பார். மனைவியின் சித்தப்பா சாவுக்குப் போகிறவனுக்கே அதற்குள் பொறுமை போய், “சின்னமனூருக்குய்யா” என்று கத்திவிடுவான். “ஆண்டவன் புண்ணியத்துல சொல்லிட்டீக” என்று அவர் கியர் போடுவார்.

இந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று ஒருநாள் கேட்டேன். “எங்கப்பா மாடு வாங்கக் கெளம்புனாக சார். சித்தப்பா ‘எங்கண்ணே’ன்னு கேட்டுட்டாக. அந்த மாடு கடைசி வரைக்கும் பால் கறக்கல” என்றார். மாட்டுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாமே என்றேன். அப்படி ஒரு சாத்தியத்தை அவர் குடும்பம் யோசித்ததாகத் தெரியவில்லை.

புதிதாக மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி அவர் வண்டியில் ஏறினார். வீரபாண்டிக்குப் போகவேண்டும். ‘தூரமா’, ‘தெக்கயா’ எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றதோடு சரி; ஆபீசில் டிரைவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று அதிகாரி நினைத்தார். இறங்க வேண்டிய இடம் வந்தால் அவரே சொல்வார் என்று தூரமாண்ணே நினைத்தார். அதிகாரி ஃபைலைப் பிரித்தார். வீரபாண்டி போனது, சின்னமனூர் போனது, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் போனது. மலையேறிக் குமுளி செக்போஸ்டில் வண்டி நின்றபோது சிப்பந்தி குனிந்து, “எவிடேக்கா?” என்றார்.

தூரமாண்ணே என்ஜினை அணைத்தார். கிளம்பும்போது யாராவது ‘எங்கே’ என்று கேட்டுவிட்டால் அதற்கு அவரிடம் ஒரு பரிகாரம் உண்டு. இறங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, செத்த நேரம் உட்கார்ந்து, புதிதாகப் புறப்பட வேண்டும். மலையாளத்தில் கேட்டாலும் கேள்வி கேள்விதானே. ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் தலையை நிமிர்த்திய அதிகாரி, “யோவ், எங்கய்யா கொண்டாந்து விட்டிருக்க?” என்றார். அதற்கு இன்னொரு வாய் தண்ணீர்.

நான் அப்போது சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொறுப்பாளன். திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம் என்று சுற்ற, மாத வாடகைக்கு அவர் வண்டியைத்தான் வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே ஊர் ஊராகச் சொல்லிவிடுவேன். அதனால் எங்களுக்குள் தகராறு இல்லை. ஒரே குறை, காலையில் தாமதமாக வருவார். திட்டினால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே அல்லிநகரத்தில் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். வெள்ளைச் சட்டையும் சாவியுமாக அவர் வெளியே வந்தார். வாசற்படியில் அவர் மனைவி நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எங்கய்யா எம் மக?”

அவர் திரும்பி உள்ளே போனார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். எழுந்து மறுபடி வெளியே வந்தார். “எங்கய்யா எம் மக?” என்றார் அந்த அம்மா. அவர் மறுபடி உள்ளே போனார். அந்த அம்மா வேறு ஒரு வார்த்தையும் அவரிடம் பேசுவதில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அப்புறம் நான் தாமதத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

வண்டி ஓடும்போது அவரே சொன்னார். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நட வந்த கூட்டத்தில் உடுமலைக்காரப் பையன் ஒருவன் இருந்தான். மகளுக்கும் அவனுக்கும் பழக்கமாகியிருந்தது. இவருக்கு அது தெரியாது.

“ஒருநா காலைல பையோட நின்னுச்சு சார். நானே வண்டில ஏத்திப் பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விட்டேன். ‘தூரமாத்தா?’ன்னேன். ‘தூரந்தேம்ப்பா’ன்னுச்சு. செத்த நேரம் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. ‘பாத்துப் போயிட்டு வா’ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.”

வீட்டைவிட்டு ஓடிப்போகிற மகளைத் தன் டாக்சியிலேயே கொண்டுபோய் வழியனுப்பிய தகப்பன் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடுமலைப் பக்கம் விசாரித்தால் தெரிந்துவிடுமே, நான் வேண்டுமானால் கேட்கட்டுமா என்றேன்.

“வேணாம் சார். அது வாழப் போயிருக்கு. பின்னாடியே போயி ‘எங்க’ன்னு கேட்டா வெளங்குமா?” என்றார்.

காரில் வைத்தால் வழி காட்டுகிற ஜி.பி.எஸ். பெட்டி ஒன்றை அவர் முதலில் வாங்கியது அந்தச் சமயத்தில்தான். துபாயில் வண்டி ஓட்டிவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பிய ஒரு பாயிடமிருந்து வாங்கினார். ஸ்டாண்டில் கேலிக்குக் கேட்க வேண்டுமா. “ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஒரே ரோடு. இதுல தொலைஞ்சு போகணும்னாக்கூட மெனக்கெடணும். இதுக்கு எதுக்குண்ணே மெசினு?” என்றார்கள். அவர் கணக்கு வேறு. தெரியாத ஊரில் வழி கேட்டால், வழி சொல்கிறவன் முதலில் ‘எங்கே போகணும்?’ என்றுதான் திருப்பிக் கேட்பான். ஆகவே அவர் பள்ளத்தாக்கைவிட்டு வெளியே வண்டியை எடுத்ததே இல்லை. பஸ்ஸிலும் போக முடியாது. கண்டக்டரின் முதல் வார்த்தையே அதுதானே. யாரையும் கேட்காமல் வழி சொல்லும் பெட்டி என்றால் அவருக்கு அது தெய்வம் மாதிரி.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது துபாய் வரைபடம். எழுத்தெல்லாம் அரபி. தேனியில் போட்டால் முதலில் ஒரு வரி அரபி வந்து போகும்; பிறகு வெள்ளைத் திரையில் ஒரு அம்புக்குறி மட்டும் அநாதையாக நிற்கும். இருந்தாலும் அவருக்குத் திருப்தி. “எதையும் கேக்காது சார். அது பாட்டுக்குக் கூட வரும்” என்றார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைத்தார்.

அப்படியே ஒரு வருடம் ஓடியது. ஒரு மத்தியானம் சின்னமனூர் வாழைத் தோட்டத்தில் நிற்கும்போது அவருக்குப் போன் வந்தது. போனைக் காதில் வைத்தபடியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான். ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு. ‘அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்கப்பா’ என்று ஊர்ப் பெயரையும் அவளே சொல்லியிருக்கிறாள். உடுமலை தாண்டி ஒரு சின்ன ஊர். இவர் கேட்காமலே சொல்லிவிட்டாள் என்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

போவது எப்படி? ஸ்டாண்டில் ஆளாளுக்கு, நான் ஓட்டுறேண்ணே என்று முன்வந்தார்கள். “நீ வழில எறங்கி யார்ட்டயாச்சும் கேப்ப” என்று எல்லோரையும் தள்ளிவிட்டார். துபாய்ப் பெட்டிக்கு உடுமலை தெரியாது. மதுரைக்கு ஆள் அனுப்பிப் புது மாடல் ஒன்றைத் தருவித்தார். நம் நாட்டுக் கிராமமெல்லாம் அதில் இருந்தது. ஒரு அம்மா இங்கிலீஷில் பேசவும் செய்தார். வாங்கி வந்தவர் அதை முடுக்கிக் காட்டினார்.

“இந்தா பாருங்கண்ணே, மொதப் பக்கத்துலயே பெரிய எழுத்துல ‘எங்கே போகணும்’னு கேக்குது. அதை அமுக்கி ஊர்ப் பேரை அடிங்க. அம்புட்டுத்தேன்.”

தூரமாண்ணேயின் முகம் செத்துவிட்டது. இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் அதே கூத்து. பெட்டியை முடுக்குவார், அது கேட்கும், அணைப்பார், தண்ணீர் குடிப்பார். கடைசியில் கேள்வி வருகிற இடத்தை மறைத்து ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினார். கேள்வி மறைந்தது. ஆனால் அமுக்க வேண்டிய இடமும் அதுதான். பிள்ளையார் வயிற்றில் விரலை வைத்து அழுத்த அவருக்கு மனசு வரவில்லை. வளைகாப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளும் தவறிப்போனால் மகள் இன்னொரு முறை கூப்பிடுவாள் என்பது நிச்சயமில்லை. அது அவருக்கும் தெரியும். வண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் நான் அவர் வீட்டு வாசலில் இருக்கும்போதே அவர் மனைவி வாசற்படியிலிருந்து இறங்கி வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

“அந்தப் பொட்டியாச்சும் எங்கன்னு கேக்குது. நீ கேட்டியாய்யா அன்னைக்கு?” என்றார்.

அவர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

அன்று ஸ்டாண்டுக்கு வந்த கம்பத்துப் பாயிடம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பாய் நேராக வண்டிக்கு வந்து, டாஷ்போர்டுக்குள் கிடந்த பழைய பெட்டியை எடுத்து முடுக்கினார். “அண்ணே, இது மட்டும் என்ன கேட்டுச்சுன்னு நெனச்சீக? இந்தா, ‘இலா ஐன்’னு போட்டிருக்கு. எங்க போகணும்னுதேன் அர்த்தம். அரபில கேட்டுருக்கு. ஒங்களுக்குத் தெரியல.”

தூரமாண்ணே அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகத் தினம் காலையில் கண்ணெதிரே நின்று அது கேட்டிருக்கிறது. அதற்குச் சந்தனம் வேறு வைத்திருக்கிறார்.

“அந்த வருசம் வண்டிக்கு ஒரு கோளாறும் வரலையே பாய்” என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, “அந்த வருசந்தேன் சார் புள்ள போன் பண்ணுச்சு” என்றார்.

பிள்ளையாரை நகத்தால் நோகாமல் உரித்துக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினார்.

இங்கிலீஷ் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். பின் சீட்டில் அவர் மனைவி, மடியில் கண்ணாடி வளையல் பொட்டலம், காலடியில் புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும். பெட்டிக்குள்ளிருந்து அம்மா ஏதாவது சொல்லும்போதெல்லாம் இவர், “சரிம்மா” என்பார். வத்தலக்குண்டு, செம்பட்டி எல்லாம் ஒழுங்காகக் காட்டிய அந்த அம்மா, ஒட்டன்சத்திரத்தில் எங்களைக் காய்கறி லாரிகளுக்கு நடுவில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார். நான் எரிச்சல்பட்டேன். “விடுங்க சார், அதுக்கும் ஊரு புதுசு” என்று அவர் பின்னுக்கு எடுத்தார்.

காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுததை நான் எழுதப்போவதில்லை. மருமகன் ஓரமாக நின்று நெளிந்துகொண்டிருந்தான். வளையல் அடுக்கி முடித்ததும் மகள் அப்பாவிடம் வந்தாள்.

“பஸ் ஸ்டாண்டுல நீங்க கேப்பீகன்னு பாத்துக்கிட்டே நின்னேம்ப்பா. எங்கத்தா போறன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லிருப்பேன். கேக்கல. நான் போறது ஒங்களுக்கு ஒரு பொருட்டில்லன்னு நெனச்சுட்டேன்.”

“கேட்டாப் போற காரியம் வெளங்காதுத்தா” என்றார் அவர். “நீ நல்லாருக்கணும்ல.”

 அந்த மனிதரின் பைத்தியக்காரத்தனம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. இத்தனை நாள் நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகும் நேரம் வந்தது. நல்ல நேரம் பார்த்து எல்லோரும் வாசலில் நின்றார்கள். மகள் பின் சீட்டில் அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இவர் பெட்டியை முடுக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து அதில் மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்கத்தா போகணும்?” என்றார்.

வாசலில் நின்ற சம்பந்தியம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். 

“நம்ம வீட்டுக்குப்பா” என்றாள் மகள்.

நான் பழக்க தோஷத்தில் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

“வேணாம் சார்” என்று கியர் போட்டார்.

நான் தேனியைவிட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது டாக்சியில் ஏறினால் கதவைச் சாத்துவதற்குள் எங்கே என்று கேட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, முன்னாலிருந்து யாராவது ‘தூரமா?’ என்று கேட்கமாட்டார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.