ராஜாவுக்கு மெமோ கொடுத்தவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தொடங்கி ஆவடி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், செத்துப்போன ராஜாவுக்கு மெமோ கொடுத்த மனிதர் இன்னொருவர் அகப்பட மாட்டார். எங்கள் மெமோ சார் கொடுத்தார். டைப் அடித்து, கார்பன் நகல் எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தார்.

அவர் பெயர் என்னவோ இருந்தது. யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பகலில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை. லேட்டாக வந்தவன், மிஷின் பக்கத்தில் தூங்கியவன், சூப்பர்வைசரை முறைத்தவன் என்று எல்லோருக்கும் மெமோ அடிப்பது, விளக்கம் வாங்குவது, விசாரணைக்கு நாள் குறிப்பது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் டுடோரியல். ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தபாலில் பி.ஏ. படிக்கிற எங்களுக்கு இங்கிலீஷ் பேப்பர் எடுப்பார். அவரும் தபாலிலேயே எம்.ஏ. முடித்தவர்தான். வயது முப்பத்தொன்று, என்னைவிட நாலு வருஷம் பெரியவர். நடந்துகொள்வதெல்லாம் ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி.

நான் அப்போது ஒரு ஃபவுண்டரியில் ஹெல்பர். ஸ்டோர்ஸ் கிளார்க் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறார், டிகிரியோடு வந்தால் அந்த நாற்காலி உனக்கு என்று ஸ்டோர் கீப்பர் சொல்லியிருந்தார். வராவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவார்கள், நான் காலத்துக்கும் இரும்பு தூக்க வேண்டியதுதான். எல்லாப் பேப்பரும் முடித்துவிட்டேன். இந்த நாடகப் பேப்பர் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. நோட்ஸை உருப்போட்டுக்கொண்டு போவேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டால் சொந்தமாக ஒரு வரி இங்கிலீஷ் வராது. இது மூன்றாவது படையெடுப்பு.

நாடகம் பழைய சோக நாடகம், ஐந்து அங்கம். ஒரு ராஜா, மந்திரி பேச்சைக் கேட்டுப் பெற்ற பிள்ளையை நாடு கடத்துவார். உண்மை தெரியும்போது பிள்ளை செத்துப்போயிருப்பான். ராஜாவும் நெஞ்சு வெடித்துப் போய்ச் சேருவார். ஒரு வாரத்தில் நடத்திவிடலாம். மெமோ சாருக்கு முதல் அங்கத்துக்கே ஒரு மாதம் ஆயிற்று.

முன்னுணர்த்தல் என்று ஒரு உத்தி. வருவதை முன்னாலேயே ஜாடையாகக் காட்டுவது. அதற்கு அவர் உதாரணம் கேட்பார்.

"கேன்டீன்ல திடீர்னு வடை பெருசாச்சுன்னா இன்னாபா அர்த்தம்?"

"சமையல்காரரு மாறிட்டாரு சார்."

"இல்ல. ஆள் குறைப்பு வருது. அதான் முன்னுணர்த்தல். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டோம். மறுநாள் எங்கள் கேன்டீனில் வடை லேசாகப் பெருத்திருக்க, நான் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் அலைந்தேன்.

நாடக முரண் இன்னும் மோசம். பார்ப்பவனுக்குத் தெரியும், மேடையில் நிற்பவனுக்குத் தெரியாது, அதுதான் விஷயம். இரண்டு வரியில் சொல்லி முடிப்பதை விட்டுவிட்டு, ஒரு நாற்காலியின் உடைந்த காலைச் சும்மா பொருத்தி நிறுத்தி, எங்கள் எல்லோரிடமும் ரகசியமாகச் சொல்லிவைத்தார். ஆவடி சேகர் மட்டும் லேட். லேத் வேலைக்காரன், ஆள் நல்ல கனம். வந்தவன், "அப்பாடா, காலைலேர்ந்து நின்னுகினே கீறேன், இப்பதான் குந்தப் போறேன்" என்றபடி நாற்காலியை இழுத்தான். நாங்கள் மூச்சு விடவில்லை. அடுத்த விநாடி சேகர் தரையில்.

"பாத்தீங்களா! அவன் 'குந்தப் போறேன்'னு சொன்னப்ப உங்களுக்கு வயித்துல இன்னா பண்ணுச்சு? அதான் முரண்!"

"எனக்கு இடுப்புல பண்ணுது சார்" என்றான் சேகர்.

தனிமொழிக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஜன்னலோரம் நின்று மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது சைக்கிள் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். "இன்னா வாத்யாரே, உன் ஆளு தனியா பொலம்பிகினு கீறான், கீய பங்க்சர் ஒட்ட வந்தவன் பயந்துகினு ஓடிட்டான்!"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாத்திரப் படைப்பு என்று ஆரம்பித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது.

"சோக நாடகம்னா இன்னா? விசாரணை இல்லாத டிஸ்மிஸ். புள்ளைகிட்ட ராஜா ஒரு விளக்கம் கேட்டாரா? கேக்கல. கேட்டிருந்தா ரெண்டாவது அங்கத்துலயே எல்லாரும் ஊட்டுக்குப் போயிருக்கலாம்" என்றவர், ராஜாவுக்கு மெமோ அடித்துவிட்டார். குற்றச்சாட்டு மூன்று. விசாரணை அதிகாரி அவரே. மந்திரிக்காகப் பேச சேகர். ராஜா சார்பில் நான். சாட்சி சொல்ல ராணியாகக் கொரட்டூர் மாலா அக்கா. டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் காயில் சுற்றுகிறவர், சாரைவிட மூத்தவர்.

விசாரணை தொடங்கிய வாரமே அக்காவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. மெமோ சார் எழுந்து நின்று அறிவித்தார்: "ராணிக்கு செகண்ட் ஷிஃப்ட். விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது." அடுத்த வாரம் சேகருக்கு ஓவர்டைம், மறுபடி ஒத்திவைப்பு. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள். நாலாம் அங்கத்தை இன்னும் தொடவே இல்லை.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ராஜா செத்து எத்தினியோ நூறு வருஷம் ஆச்சு. மெமோவ யாரு சார் வாங்குவா? எனக்குப் பரீட்சை சார்! பொழப்பு சார்!" கத்திவிட்டுப் படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் ஃபவுண்டரி கேட்டில் வாட்ச்மேன் ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே எனக்கு மெமோ. நேற்று மாலை ஆறு பத்துக்கு அனுமதியின்றி வகுப்பைவிட்டு வெளியேறியது ஏன் என்று நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் இங்கிலீஷில் விளக்கம் தரவும். நகல்: ராஜாவின் ஃபைல்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர்ஸ் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நாலு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி: ஊரில் எல்லோரிடமும் விளக்கம் கேட்கிற மனிதர், எதிரில் இருப்பவன் வாய் திறந்தால் காது கொடுப்பதில்லை. நிஜத்தில் பிறக்காத ராஜகுமாரனுக்காகக் கண்ணீர் விடுகிறவர், எட்டு மணி நேரம் இரும்பு தூக்கிவிட்டு வந்தவனைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை. உங்களிடம் பேனா கிடைத்தால் மழைக்கும் மெமோ கொடுப்பீர்கள்.

சாயங்காலம் மாடிப்படியில் சேகர் அதைப் படித்துப் பார்த்தான். "மச்சான், இத்த குடுத்தா மனுசன் தாங்க மாட்டாருடா."

கொடுத்தேன். மெமோ சார் வகுப்பு நடுவில் நின்று உரக்கப் படித்தார். சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். "மழைக்கு மெமோ... இது மிகை, நல்லா கீது. விளக்கம் கேக்கறவன் காது குடுக்கல... இது முரண். யாரு சொல்லிக் குடுத்தா உனுக்கு?" தண்ணீர் வேண்டுமா என்ற வரி வந்ததும் நிறுத்தினார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"இதான்பா பாத்திரப் படைப்பு. நல்லவன் கெட்டவன்னு எழுதாத. இன்னா செஞ்சான், இன்னா செய்யாம வுட்டான்னு எழுது." பிறகு தாழ்ந்த குரலில், "நாலு பக்கம், சொந்த இங்கிலீஷ். பாத்தியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கோபத்தில் ஒரு வரிகூட நோட்ஸிலிருந்து எடுக்கவில்லை.

அன்றே ராஜாவின் ஃபைலை மூடினார். மீதி அங்கங்களைப் பதினொரு நாளில், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நடத்தினார். பரீட்சையில் ராஜாவின் குணச்சித்திரம் வந்தது. நான் மெமோ சார் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன். பிடிவாதக்காரர், சொன்னால் கேட்க மாட்டார், மனசு மட்டும் அசல் தங்கம். ஐம்பத்து மூன்று மார்க், பாஸ்.

ரிசல்ட்டோடு ஓடினேன். அவருக்கு மார்க் முக்கியமில்லை.

"ராஜாவுக்கு இன்னா தண்டனை எழுதின?"

"எச்சரிக்கைக் கடிதம் சார். ஏற்கெனவே ரொம்ப அனுபவிச்சுட்டாருன்னு எழுதினேன்."

"நானா இருந்தாலும் அத்தத்தான் குடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து என் நாலு பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். டேக் கோத்து, நம்பர் போட்டு, அடியில் எழுதியிருந்தார்: விளக்கம் ஏற்கப்பட்டது.

அவரைப் பற்றி அதில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அதைத்தான் மனுஷன் அத்தனை பத்திரமாக வைத்திருந்தார். அன்றைக்குக் கோபத்தில் எழுத விட்டுப்போனதை இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் சார்.