மீட்டர் மல்லாட்டை

படிப்பு குறைந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு, பிள்ளைகளே. 'புரியவில்லை' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. அதற்குப் பதில் தலையை ஆட்டுவான். எதிராளி விளக்க விளக்க இன்னும் வேகமாக ஆட்டுவான். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது. உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்ட புதிது. (அவளிடமும் அப்போது தலைதான் ஆட்டிக்கொண்டிருந்தேன். அதில் இன்றுவரை மாற்றமில்லை.)

செஞ்சியில் டிவி ஆன்டெனா அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த எண்பதுகளில், அவலூர்பேட்டை ரோட்டில் நான் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பக்கத்து நிலம் பெரிய நைனாருடையது. சமணக் குடும்பம், நல்ல விவசாயி, பேச்சு மட்டும் அரிவாள். அவருடைய மகன் ஸ்ரீபால் மெட்ராஸில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து, டிராக்டர் கொட்டகையில் சொந்தமாக ஒரு ஏரோபிளேன் கட்டிக்கொண்டிருந்தான்.

பார்த்தால் பிளேன் மாதிரி இருக்காது. கயிற்றுக் கட்டிலுக்கு ரெக்கை வைத்த மாதிரி இருக்கும். அலுமினியக் குழாய், அதன்மேல் துணி. ஆள் முன்னால் உட்கார வேண்டும். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்கி. இன்ஜினும் காற்றாடியும் எல்லாவற்றுக்கும் பின்னால். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததால்தான் இந்தக் கதை.

அது ஓடுவதற்காக, டவுன்காரர்கள் வேர்க்கடலை என்கிற மல்லாட்டை போடுகிற நிலத்தில் நீளமாக ஒரு பட்டையை ஸ்ரீபால் சமப்படுத்தி வைத்திருந்தான். பெரிய நைனாருக்கு அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் தீந்தா தள்ளிக்கினு வரலாம். மேல தீந்தா இன்னாத்தடா தள்ளுவ?" என்றார் ஒரு நாள்.

"அதுக்குத்தான் நைனா மீட்டர் வாங்கப் போறேன். இன்ஜின் எவ்ளோ குடிக்குது, இன்னும் எவ்ளோ மிச்சம், எல்லாம் காட்டும்."

"காட்டட்டும். என் கண்ணு முன்னால சரியா காட்டுச்சுன்னா நிலம் உன்னுது. இல்லன்னா ஏர் ஓட்டிடுவேன்."

ஸ்ரீபால் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான். அதில் இரண்டு விதமான சென்சார் படம் போட்டிருந்தது. ஒன்று கை முஷ்டி அளவு, மற்றது தீப்பெட்டி அளவு. பெட்ரோல் போகிற குழாயின் நடுவே வைத்தால், உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். சுற்றுவதைக் கணக்குப் பண்ணி, ஓட்டுகிறவன் முன்னால் இருக்கிற டப்பாவில் எண் வரும்.

"பெருசையே வாங்கு தம்பி. உழைக்கும்" என்றேன்.

"நம்ம இன்ஜின் கொஞ்சமாத்தாண்ணா குடிக்கும். பெருசுல விட்டா சக்கரம் சுத்தவே சுத்தாது. ஏரியில ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு மட்டம் ஏறிச்சான்னு பாக்கற மாதிரி."

தலையை ஆட்டினேன். சின்னது வந்து சேர்ந்தது.

மாட்டுகிற நாளில் அவனுக்கு மெட்ராஸ் போக வேண்டிய வேலை. மறுநாள் காலை பெரிய நைனார் பார்க்க வருகிறார். பஸ் ஏறும்போது சொன்னான்: "குழாய வெட்டி நடுவுல வெச்சிடுங்கண்ணா. ஏரோ மார்க்க மட்டும் பாத்து மாட்டுங்க. அதான் முக்கியம்."

ஆட்டினேன்.

ஏரோ மார்க். நெய் டப்பாவில் அக்மார்க் இல்லையா, மோட்டாரில் ஐஎஸ்ஐ மார்க் இல்லையா, அதுபோல ஏரோபிளேன் சாமானுக்கு ஏரோ மார்க் என்று முடிவு செய்தேன். கடையில் வந்து பிரித்துப் பார்த்தால், உண்மையிலேயே சென்சார் முதுகில் சின்னதாக ஒரு பிளேன் செதுக்கியிருக்கிறது. கூரான மூக்கு, பின்னால் சாய்ந்த இரண்டு ரெக்கை, நீள உடம்பு. அசல் சரக்குதான் என்று சந்தோஷப்பட்டு, நம் கடை வழக்கப்படி சூடம் காட்டி, அந்தப் பிளேன் மேலேயே சந்தனப் பொட்டும் நடுவே குங்குமமும் வைத்தேன்.

அப்புறம்தான் குழப்பம். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? இந்தப் பக்கம் ஊதினேன், சக்கரம் சுற்றியது. அந்தப் பக்கம் ஊதினேன், அப்போதும் சுற்றியது. வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் புத்தி வேலை செய்தது. எந்தப் பிளேனாவது பின்னால் பார்த்தபடி பறக்குமா? செதுக்கின பிளேனின் மூக்கு நம் பிளேனின் மூக்குப் பக்கம் இருக்கும்படி கச்சிதமாக மாட்டினேன். அன்று ராத்திரி உங்கள் அம்மாவிடம், ஏரோபிளேன் வேலையெல்லாம் ஒன்றுமில்லை, கொஞ்சம் யோசித்தால் போதும் என்று வேறு சொன்னேன்.

காலையில் ஸ்ரீபால் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும், பெரிய நைனார் கைத்தடியோடு வந்து நின்றார். ஸ்ரீபால் சென்சாரை எட்டிப் பார்த்தான். பொட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினான். டப்பாவில் எண் வந்தது. பூஜ்யம்.

"இன்னா சொல்லுது?" என்றார் பெரியவர்.

"எதுவும் குடிக்கலங்குது நைனா."

"குடிக்காமயே ஓடுதா? அப்ப டாங்கி எதுக்கு, அதக் கழட்டி வீட்டுல தண்ணி புடிச்சி வை."

ஸ்ரீபால் வேகத்தைக் கூட்டினான். எண் குதித்தது. மறுபடி பூஜ்யம். திரும்பக் குதித்து, டாங்கி காலியாகிவிட்டது என்று காட்டியது. பெரியவர் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து டாங்கியில் விட்டு எடுத்தார். குச்சி முக்கால்வாசி நனைந்திருந்தது.

"மெக்கானிக்கு, குச்சி பொய் சொல்லுதா, உன் மீட்டர் பொய் சொல்லுதா?"

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்ரீபால் குனிந்தான். "அண்ணா, ஏரோ மார்க்கு எங்க?"

"பொட்டுக்கு அடியில இருக்குது தம்பி."

அவன் துடைக்கப் போனான். நான் கையைப் பிடித்தேன். "பூசை போட்ட பொட்ட துடைக்கக் கூடாது."

துடைத்தான். பார்த்தான். இன்ஜினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்ஜின் பின்னாலதான இருக்குது? பெட்ரோலு பின்னாலதான போவும்? ஏன் முன்னால பாத்து வெச்சீங்க?"

"பிளேனு முன்னாலதான தம்பி பறக்கும்?"

"எந்த பிளேனு?"

"இதோ செதுக்கி வெச்சிருக்கானே."

ஸ்ரீபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, அது அம்புக்குறி. பெட்ரோலு போற வழி. அம்புக்குறிக்கு இங்கிலீஷ்ல ஏரோ."

"அப்ப ஏரோபிளேனுக்கு?"

"அது வேற ஏரோ."

இதைக் கேட்டுப் பெரிய நைனார் சிரித்தார். சிரிப்பு நின்றதும் சொன்னார்: "உங்க ரெண்டு ஏரோவும் போதும். நாளைக்கு நான் ஏர் ஓட்டுறேன்."

திருப்பி மாட்டிக் காட்டுகிறோம் என்று கெஞ்சினோம். அவர் வாக்கு மாறாதவர். மறுநாள் பட்டை உழவானது. ஸ்ரீபால் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சும்மா கிடந்த நிலமாயிற்றே, அந்த வருஷம் மல்லாட்டை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தச் சந்தோஷத்தில் அறுவடை முடிந்ததும் பெரியவர் பட்டையைத் திரும்பக் கொடுத்தார். இந்த முறை சென்சாரை ஸ்ரீபாலே மாட்டினான். குச்சியும் மீட்டரும் ஒரே கணக்குச் சொல்லின. பிளேன் மேலே போய், கோட்டை மலைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியது. கிளம்புவதற்கு முன் நான் சந்தனக் கிண்ணத்தோடு போனபோது பெரியவர் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"வெக்கிற பொட்ட உன் நெத்தியில வெச்சிக்க. நீ எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் ஒண்ணும் ஆவாது."

அந்த விளைச்சலே என் தப்பால் வந்ததுதான் என்று, அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் அவர்கள் வீட்டிலிருந்து நமக்கு ஒரு மூட்டை மல்லாட்டை வருகிறது. அதற்கு ஏன் மீட்டர் மல்லாட்டை என்று பெயர் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் அம்மா அதை வேகவைத்து, வட்டிலில் கொட்டி, முதல் மல்லாட்டையை என் கையில்தான் வைப்பாள்.

"எந்தப் பக்கம் உடைக்கணும்னு தெரியுதா?" என்று கேட்பாள்.

நான் தலையை ஆட்டுவேன்.