சனிக்கிழமைச் சமாதானம்

உலக சமாதானத்துக்குத் தன்னை அர்ப்பணிப்பதென்று லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் குகதாசன் முடிவெடுத்தார். உலகம் கேட்கவில்லை. உடம்புதான் கேட்டது.

கிழமை முழுக்க வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட். சனி வந்தால் வெம்பிளியில் வயதுக்கு வந்த யாராவது பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போய், மேடையேறி, வீடியோக்காரன் விடும்வரை சிரிக்க வேண்டும். மனுசன் எப்போது நித்திரை கொள்வது?

கூட வேலை செய்யும் பெர்னடெற்தான் வழி காட்டினாள். யுத்தத்தை எதிர்த்து வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கூட்டம் சனிதோறும் புத்தர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறதாம். கோஷம் கிடையாது. ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. கேட்கக் கேட்கக் குகதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்ணை மூடினால் சண்டை நிண்டிடுமோ?" என்றாள் மனைவி தவநாயகி.

"கத்திப் பார்த்தாச்சு, நிக்கேல்லை. இனிப் பேசாமல் இருந்து பார்ப்பம்."

"புத்தரிட்டையோ போறியள்? ஊரிலை ஆமிக்காரர் எங்கடை காணிக்குள்ளை அவற்றை சிலையைக் கொண்டுவந்து வைச்சவங்களெல்லே!"

"அது அவங்கடை புத்தர். இவர் சண்டை வேண்டாமெண்ட புத்தர்."

"அப்ப வெம்பிளி?"

"சமாதானம்தான் முதல்."

தவநாயகி முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிக் கிடத்துகிறவள். அவள் சண்டை பிடிக்காமல் சரியென்றாள். குகதாசன் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

கழுத்தில் 'யுத்தம் வேண்டாம்' அட்டை, கீழே மெத்தை, தலை கவிழ்ந்து நெஞ்சில் நாடி. சில சனிகள் சொர்க்கமாய்ப் போயின. சுற்றுலாக்காரர்கள் பக்தியோடு படம் எடுத்தார்கள்.

இன்று கண் விழித்தால் பக்கத்து மெத்தையில் பட்டுச்சீலையோடு தவநாயகி.

"எப்பவப்பா வந்தனீர்?"

"நீங்கள் குறட்டை விடேக்கை." கார்த் திறப்பைக் கையில் திணித்தாள். "அம்மா காரிலை இருக்கிறா. மஞ்சள் கோட்டிலை நிக்குது, தண்டம் எழுதமுன்னம் கெதியாப் போங்கோ. பரிசு பின்சீற்றிலை."

"அப்ப நீர்?"

"எனக்கும் சமாதானம் வேணும்."

அவர் வாயைத் திறந்தார். முன் மெத்தையில் இருந்த பெர்னடெற் திரும்பி, உதட்டில் விரலை வைத்து முறைத்தாள். அதற்குள் தவநாயகி தூங்கியே போனாள். எத்தனை மாதக் களைப்போ, பாவமாய்த்தான் இருந்தது. அதைவிட வயிற்றெரிச்சலாயும் இருந்தது, அவளுக்குக் குறட்டையே வரவில்லை.

காரில் மாமியார் பெல்ட் போட்டுத் தயாராய் இருந்தார்.

"வாங்கோ தம்பி. இனி ஒவ்வொரு சனியும் நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவியளெண்டு என்ரை பிள்ளை, நீங்கள் சமாதானத்துக்கு வெளிக்கிட்ட அண்டைக்கே சொன்னவள்."