தொட்டிக்கு வெளிக்காற்று

இனிமேல் தன் வீட்டுத் தொட்டி வெளிக்காற்றைத்தான் சுவாசிக்கும் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தார். அந்த வீட்டில் அவர் எதையாவது தீர்மானிப்பது அபூர்வம். அதனால் தீர்மானித்த களைப்பு தீரச் சற்று உட்கார்ந்துகொண்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடையை மகனிடம் விட்டபிறகு அவருக்கு இருந்த ஒரே சொத்துபத்து கூடத்திலிருந்த கடல்நீர்த் தொட்டிதான். அதில் உயிருள்ள பவளங்கள். ஒரு வாரமாக அவை விரியாமல், கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப்போலச் சுருங்கிக் கிடந்தன. தொட்டி விற்றவரைப் போனில் பிடித்தார்.

"சன்னலையெல்லாம் சாத்தியே வெச்சிருப்பீங்க. நீங்க விடுற மூச்சையே ஸ்கிம்மர் இழுத்து தண்ணியில கலக்குது. தண்ணி புளிப்பேறி பி.எச். இறங்காம என்ன செய்யும்? அதோட காத்துக்குழாயை வெளியில நீட்டி விடுங்க."

ஸ்கிம்மர் என்பது காற்றை உறிஞ்சித் தண்ணீரில் நுரை கிளப்பும் கருவி. நுரை அழுக்கை அள்ளிக்கொண்டு மேலே ஒரு கோப்பையில் போய் விழும். நுரை நின்றால் அழுக்கு தங்கும். அழுக்கு தங்கினால் நாற்றம் வரும். நாற்றம் வந்தால் தொட்டி கடைக்கே திரும்பிவிடும் என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதாக வரலாறு இல்லை.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, சன்னல் மூலையிலிருந்த இடுக்கில் குழாயை நுழைத்தார். குச்சியால் குத்திக் குத்தி வெளியே தள்ளினார். வெளியே, பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து. அங்கே யார் போகப்போகிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பி.எச். ஏறியது. பவளங்கள் சிரித்தன. மத்தியானம் நுரை பொத்தென்று படுத்துவிட்டது. சாயங்காலம் எழுந்தது. இரவுச் சாப்பாட்டு வேளையில் மறுபடி படுத்தது.

பம்ப்பைக் கழுவினார். கோப்பையைக் கழுவினார். கழுவுவதற்கு வேறெதுவும் இல்லாததால் முகத்தைக் கழுவினார். நுரை அதன் இஷ்டத்துக்கு எழுந்தது, விழுந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்ததில் ஒன்று மட்டும் பிடிபட்டது. வீட்டில் மீன் வறுக்கும் அன்றைக்குத்தான் நுரை தரையோடு தரையாகப் படுக்கிறது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மெதுவாக அடுக்களைக்குப் போனார்.

"ஏம்மா, நீ மீன் வறுக்கிறது தொட்டிக்குத் தெரியுமா?"

மனைவி கரண்டியை இறக்கிவைத்து அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அதுங்களும் வாயில்லா ஜீவன்தானே. சொந்தக்காரன் சட்டியில கிடந்தா துக்கம் இருக்காதா?"

"நுரைக்கு எப்படிம்மா துக்கம் வரும்?"

"வீட்டுல ஒரு துக்கம்னா அடுப்பு எரியுமா? அதுமாதிரிதான்."

அவருக்கு அது சரியாகப் பட்டது. மீன் நிறுத்தப்பட்டது. அடுத்த நாள் பீன்ஸைத் தாளித்தாள். நுரை படுத்தது.

"பீன்ஸ் என்னம்மா சொந்தம்?"

"எல்லாம் உசிருதானுங்களே. சடசடன்னு பொரியுற சத்தம் அதுங்களுக்கு ஆகல போலிருக்கு."

"அப்போ என்னதான் செய்யுறது?"

"வறுக்காம, தாளிக்காம எனக்குச் சமைக்க வராது. கை அதுக்கே பழகிடுச்சு. வேகவெச்சு இறக்குறதுன்னா, அதுக்கு நீங்களே போதும்."

குழம்பிப்போய்த் தொட்டியைப் பார்த்தார். அவர் ஆசையாக வளர்த்த ஊதாப் பவளம் பாதி வெளுத்திருந்தது. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார்.

காய்கறி வெந்தது. கிழங்கு வெந்தது. அடுப்புச் சூட்டில் அவரும் வெந்தார். ஆனால் நுரை ஒருநாள்கூடப் படுக்கவில்லை. ஊதாப் பவளம் நிறம் திரும்பி, பிள்ளைக் கைபோல விரிந்தது. மனைவி சாயங்காலங்களில் வெளியே நடக்கப் போய், கன்னம் சிவந்து திரும்பினாள். இவள் ஏன் இவ்வளவு தெளிச்சியாக இருக்கிறாள் என்பதும் அவருக்குக் குழப்பமாகவே இருந்தது.

ஒருநாள் அடுக்களையின் புகைவிசிறி சுற்றாமல் நின்றது. சமையல்காரர் இப்போது அவர்தானே. வெளிப்பக்கமிருந்து துடைக்கலாம் என்று சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்தார்.

விசிறி வாய்க்கு நேர் எதிரே, மூக்கை நீட்டி மோப்பம் பிடிப்பதுபோல் அவருடைய குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். துக்கமுமில்லை, சொந்தமுமில்லை. தாளித்த நாளெல்லாம் தொட்டி எண்ணெய்ப் புகையைக் குடித்திருக்கிறது; அந்த எண்ணெய்தான் நுரையைப் படுக்கவைத்திருக்கிறது. குழாயைக் கழுவி, வாசல் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"குழாய் விசிறிக்கு எதிரே தொங்குறது உனக்குத் தெரியுமா?"

"போட்ட மறுநாளே தெரியும். விசிறி இடுக்குல பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களும்தான் குழாய் போட்டதைச் சொல்லல. தொட்டிக்கு வெளிக்காத்து வேணும்னு தோணுச்சில்ல? எனக்கும் கொஞ்சம் வேணும்னு தோணுச்சு."

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். வெற்றி தன் பக்கம்தான் என்று நிமிர்ந்தார்.

"சரி, குழாயை வாசல் பக்கம் மாத்திட்டேன். இனிமே இந்த வீட்டுல தாராளமா வறுக்கலாம், தாளிக்கலாம்."

"நல்லதாப் போச்சு. எனக்கும் வேகவெச்சது சலிச்சுப்போச்சு," என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் நடந்துட்டு வர்றதுக்குள்ள மீனை வறுத்து வெச்சிடுங்க."