பொட்டலுக்குப் போன வழி

மனைவியின் அண்ணன் வீட்டு விருந்துக்கு இனிமேல் செத்தாலும் போவதில்லை என்று கம்பளி ஜெனரல் சபதம் எடுத்தார். முப்பது வருஷம் ராணுவக் கிடங்கில் கம்பளி மடித்ததற்காகத் தெருக்காரர்கள் கொடுத்த பட்டம் அது. போன விருந்தில் மைத்துனர், பத்துப் பேர் நடுவில், "மாப்பிள்ளை, துப்பாக்கியைக் கண்ணாலயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் போன மானம் இன்னும் வீடு திரும்பவில்லை.

"வரமாட்டேன்" என்று மனைவியிடம் சொல்லத் தைரியம் இருந்தால் அவர் ஏன் கம்பளி மடிக்கப் போகிறார்? பழைய ராணுவச் சாமான் கடையில் ஒரு வழிகாட்டிக் கருவி வாங்கி வந்தார். செங்கல் கனம். வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டு அம்புக்குறி காட்டும்.

"கீழே போட்டாலும் உடையாது, பாரு!" என்று மனைவிக்குப் போட்டும் காட்டினார்.

"ஆமா, உடையல. தரைதான் உடைஞ்சிருக்கு."

மைத்துனரின் புது வீட்டை அவர் பார்த்ததில்லை. அது வசதியாகப் போயிற்று. ஊருக்கு வெளியே ஆளில்லாத ஓர் இடத்தைக் கருவியில் ஏற்றி, 'பொட்டல்' என்று பெயர் வைத்தார். விருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், வழி தப்பிவிட்டது என்று கையை விரித்தால் தீர்ந்தது. கையேடு படிப்பது கௌரவக் குறைவு என்று அதை ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மேசை மறுபடி ஆடியது. அதைக் கவனிக்கிற புத்தி அவருக்கு ஏது?

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் கிளம்பியது.

"சரியாத்தான் போறோமாங்க?"

"இது ராணுவக் கருவிடி. பொய் சொல்லாது."

கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மாடி வீடுகள் வந்தன. பொட்டலில் எப்போது இவ்வளவு வீடு முளைத்தது?

"வேணும்னா திரும்பிடலாங்க."

"ராணுவத்துல திரும்புறதுங்கிற பேச்சே கிடையாது!"

அம்புக்குறி ஒரு பச்சைக் கேட்டின் முன் நின்றது. கேட்டைத் திறந்தவர் மைத்துனர்.

"வாங்க மாப்பிள்ளை! நீங்களே கூட்டிட்டு வந்துடுவீங்கன்னு தங்கச்சி நேத்து இங்க வந்தப்பவே சொன்னா."

"நேத்து நீ தையக்காரி வீட்டுக்குன்னுதானே போனே?"

"இங்கதான் வந்தேன், இந்தக் கருவியையும் பையில போட்டுக்கிட்டு. பொட்டல்ங்கிற பேரை நான் மாத்தலைங்க. மேசைக்கால்ல இருந்த கையேட்டைப் படிச்சு, இடத்தை மட்டுந்தான் மாத்தினேன்."

ஜெனரல் முகத்தில் அசடு வழிந்தது. அவள் கருவியை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"நல்ல கருவிதாங்க. இருபது வருஷமா என்னால முடியல. ஒரே நாள்ல உங்களை வழிக்குக் கொண்டுவந்துடுச்சே!"